ஆக்ஸ்கேங்ஸ் பள்ளிச் சுவர் ஏன் விழுந்தது?

2016 ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. ஸ்காட்லாந்தில் கெர்ட்ரூட் என்று பெயர் வைத்த புயல் வீசிக்கொண்டிருந்த அதிகாலை. எடின்பரோ நகரின் தென்மேற்கே இருக்கும் ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப்பள்ளியில் கட்டடத்தின் ஒரு முனையில் இருந்த சுவரின் வெளிப்பக்கச் செங்கல் மொத்தமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. ஏறத்தாழ 9 டன். பள்ளி இன்னும் திறக்கவில்லை, பிள்ளைகள் யாரும் வரவில்லை, அதனால் ஒருவருக்கும் அடிபடவில்லை. அதே சுவர் அன்று காலையிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. பின்னால் விசாரணை அறிக்கை எழுதிய கட்டடக்கலை நிபுணர் ஜான் கோலும் இதைத்தான் சொன்னார், உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கு நேரமும் அதிர்ஷ்டமும் மட்டுமே காரணம் என்று.

பழைய கட்டடம் என்றால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது கட்டிப் பத்துப் பதினோரு வருடமே ஆன பள்ளி. புயல்தான் காரணம் என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அந்த ஊரில் அப்படிப்பட்ட காற்று வரும் என்று எதிர்பார்த்துத்தான் சுவரையே கணக்குப் போட்டு வடிவமைக்கிறார்கள்.

விழுந்தது ஒரு கேவிட்டி சுவரின் வெளித்தோல். அதனால் முதலில் கேவிட்டி சுவர் என்றால் என்ன, எதற்காக அப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரியாமல் இந்த விபத்தைப் படித்தால், யாரோ சரியாகக் கட்டவில்லை என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

ஒரு சுவரை எதற்கு இரண்டாக்க வேண்டும்?

நாம் கட்டும் 9 இன்ச் சுவர் ஒரே உடம்பு. வெளியே பட்ட தண்ணீரைக் கல்லும் சாந்தும் உறிஞ்சும். மழை விட்டதும் வெயில் அடித்தால் உறிஞ்சிய தண்ணீர் வந்த வழியே ஆவியாகிப் போய்விடும். நம் ஊரில் வெளிப்பூச்சும் வெயிலும் சேர்ந்து சுவரைக் காப்பாற்றிவிடுகின்றன. பிரிட்டனின் மேற்குக் கரையிலும் ஸ்காட்லாந்திலும் நிலைமை வேறு. அங்கே மழை நேராகப் பெய்வதைவிடக் காற்றோடு சேர்ந்து சாரலாகச் சுவரில் அறைவது அதிகம், அதுவும் நாள் கணக்கில், குளிர்காலம் முழுக்க. செங்கலைப் பூசாமல் அப்படியே விடுவதும் அங்கே வழக்கம். உறிஞ்சிய ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும், அப்புறம் அது உள்பக்கம் வந்து சேர்ந்து, பூச்சு உப்பி, பூஞ்சணம் பிடித்து, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இருமல் வரை கொண்டுபோய் விடும்.

இதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு தடித்த சுவருக்குப் பதிலாக இரண்டு மெல்லிய சுவர், நடுவில் காலி இடம். 1920களுக்குப் பிறகு பிரிட்டனில் வீடு கட்டுவது என்றாலே பெரும்பாலும் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. வெளிச்சுவர் நனையட்டும், அதைத் தடுக்க யாரும் முயல்வதில்லை. ஊடுருவி வந்த தண்ணீர் அதன் பின்முகத்தில் வழிந்து கீழே இறங்கும், அடியிலும் ஜன்னல் தலைக்கு மேலும் வைத்திருக்கும் தகடு அதைப் பிடித்து, செங்கலுக்கு இடையே விட்டிருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியே அனுப்பிவிடும். உள்சுவருக்குத் தண்ணீர் தாண்டி வரப் பாலமே இல்லை. என்னைக் கேட்டால் கட்டடத் தொழிலில் உள்ள நேர்மையான யோசனைகளில் இது ஒன்று. தண்ணீர் எப்படியும் உள்ளே வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, வந்த பிறகு அது போவதற்கு வழி செய்து வைக்கிறது.

இரண்டாவது காரணம் குளிர். அசையாத காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. 9 இன்ச் செங்கல் சுவரின் யூ மதிப்பு சுமார் 2 என்றால், இடையில் வெறும் காற்று இருக்கும் கேவிட்டி சுவருக்கு அது ஏறத்தாழ 1.5. அந்த இடைவெளியில் கம்பளியோ நுரைப் பலகையோ வைத்து அடைத்தால் 0.5 பக்கம் வந்துவிடும். யூ மதிப்பு குறையக் குறைய அறையின் சூடு வெளியே போவது குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகு அங்கே இந்தக் கணக்கு முக்கியமாகிவிட்டது. மழைக்காக விட்ட இடைவெளி, வெப்பக் காப்பு வைக்கும் இடமாகவும் மாறியது. காப்புப் பொருள் தடிக்கத் தடிக்க இடைவெளியும் அகலமானது, பழைய 50 மி.மீ. போய் 75, 100, அதற்கு மேலும். இந்த அகலம் பின்னால் நம் கதைக்குள் வரும்.

சத்தம் குறைவது, வெளிச்சுவருக்கு அழகான செங்கலும் உள்சுவருக்கு மலிவான பிளாக்கும் போட முடிவது போன்ற சில வசதிகளும் உண்டு. ஆனால் மழையும் குளிரும் இல்லையென்றால் இவற்றுக்காக மட்டும் யாரும் இரண்டு சுவர் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பிரித்ததற்குக் கொடுக்கும் விலை

ஒன்பது இன்ச் சுவரைப் பிளந்து இரண்டு நாலரை இன்ச் சுவராக்கினால் ஈரம் தீர்ந்தது, சரி. பலம்? நாலரை இன்ச் சுவரை உயரமாக எழுப்பிக் காற்றில் விட்டால் நிற்காது என்பது நம் ஊரில் காம்பவுண்டு சுவர் கட்டுகிற எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். கேவிட்டி சுவரில் வெளித்தோல் என்பது அப்படி ஒரு மெல்லிய சுவர்தான். கூரையின் பாரமும் அதன் மேல் பெரும்பாலும் உட்காராது, அதனால் மேலிருந்து அழுத்திப் பிடிக்கவும் ஆள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று, டை எனப்படும் உலோகக் கம்பி. ஒரு முனை உள்சுவரின் சாந்துக்குள், மறுமுனை வெளிச்சுவரின் சாந்துக்குள், நடுப்பகுதி காலி இடத்தைக் கடந்து போகும். தண்ணீர் அதன் வழியே உள்ளே நடந்து வந்துவிடக்கூடாது என்பதற்காக நடுவில் ஒரு வளைவு வைத்திருப்பார்கள், வந்த சொட்டு அங்கேயே கீழே விழுந்துவிடும்.

பிரிட்டனில் வழக்கமான கணக்கு, பக்கவாட்டில் 900 மி.மீ.க்கு ஒன்று, உயரத்தில் 450 மி.மீ.க்கு ஒன்று. சதுர மீட்டருக்கு இரண்டரை டை. ஜன்னல், கதவு ஓரங்களில் இன்னும் நெருக்கமாக. ஒவ்வொரு முனையும் சாந்துக்குள் குறைந்தது 50 மி.மீ. பதிந்திருக்க வேண்டும்.

காற்று சுவரைத் தள்ளும் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். ஒரு பக்கம் காற்று மோதும்போது மற்ற பக்கங்களிலும், குறிப்பாகச் சுவரின் ஓரங்களிலும், அது சுவரை வெளியே இழுக்கும். புயலில் ஓட்டுக் கூரை தூக்கிக்கொண்டு போவதும் இதே இழுவையால்தான். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 40 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ அளவுக்கு அழுத்தம் தரும். அதே அளவு இழுவை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு டையும் தாங்க வேண்டியது வெறும் 40 கிலோ. 50 மி.மீ. பதிந்த நல்ல டைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சாந்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் டையால் எதையும் தாங்க முடியாது. அது கழன்று வந்தால் அதன் பங்கு பக்கத்து டைக்குப் போகும், அதுவும் அரைகுறையாகப் பதிந்திருந்தால் அதுவும் கழலும், அப்புறம் பொத்தான் தெறிக்கிற மாதிரி வரிசையாக. செங்கல் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அப்படியானால் 9 டன் என்பது 45 சதுர மீட்டர். நடுத்தரக் குடும்பத்து ஃபிளாட் ஒன்றின் தரைப்பரப்பு அளவுக்கு ஒரு சுவர் சாய்ந்திருக்கிறது.

அவிழ்த்துப் பார்த்தபோது

ஆக்ஸ்கேங்ஸில் வெளித்தோல் விழுந்த பிறகு உள்சுவர் வெளியே தெரிந்தது. கோலின் அறிக்கை 2017 பிப்ரவரியில் வந்தது. விழுந்ததற்கு நேரடிக் காரணம் என்று அது சொன்னது இதைத்தான்: டைகள், குறிப்பாக வெளிச்சுவரின் பக்கம், தேவையான 50 மி.மீ. ஆழத்துக்குப் பதியவில்லை. இடைவெளியின் அகலம் இடத்துக்கு இடம் மாறியிருந்தது அதற்குத் துணைபோனது.

இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சைட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த விபத்தில் கற்றுக்கொள்ள உள்ள சாரமே இங்கேதான் இருக்கிறது. டை என்பது குறிப்பிட்ட நீளத்தில் வாங்கி வரும் பொருள். உதாரணத்துக்கு 225 மி.மீ. டை ஒன்றை எடுத்துக்கொள்வோம் (இது நான் விளக்கத்துக்காகப் போடும் கணக்கு, அந்தப் பள்ளியின் அளவு இல்லை). உள்சுவருக்குள் 60 பதிகிறது, இடைவெளி வரைபடப்படி 100, மீதி 65 வெளிச்சுவருக்குள் போகிறது. எல்லாம் நலம். இப்போது உள்சுவர் தூக்குக்குச் சரியாக நிற்காமல் மேலே போகப் போக உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, அல்லது இரும்புத் தூண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்றதால் சுவரும் தள்ளிப் போனது. இடைவெளி 140 ஆகிவிட்டது. டை நீளமாகாது. வெளிச்சுவருக்குக் கிடைப்பது 25 மி.மீ. மட்டும். வெளியே வரும் கொத்தனார் தன் சுவரைத் தூக்குக்குண்டு வைத்து நேராகத்தான் எழுப்புகிறார், வெளியிலிருந்து பார்த்தால் அழகான சுவர். 40 மி.மீ. பிசகு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இப்படி ஒரு சுவரில் தவறு செய்கிறவர் ஒருவராகவும், அதன் பலன் போய்ச் சேரும் இடம் இன்னொருவர் கட்டும் சுவராகவும் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உள்சுவரைப் பல நேரம் முதலில் எழுப்பிவிடுவார்கள், டைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சில நாள் கழித்து வெளிச்சுவர் ஏறும். பிளாக்கின் வரியும் செங்கலின் வரியும் ஒரே மட்டத்தில் வந்து சேர்ந்தால்தான் டை சாந்துக்குள் நேராக உட்காரும். ஒரு வரி மூன்று செங்கல் உயரத்துக்குச் சமமாக வரும்படி பிளாக் செய்திருப்பதே அதற்காக. அரை இன்ச் மாறினாலும் கொத்தனார் டையை மேலேயோ கீழேயோ வளைத்துவிட்டு வேலையைத் தொடர்வார், வளைத்த டை இன்னும் குட்டையாகும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டு வேறு டை வாங்கி வரச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. கொத்தனார்கள் மேல் மொத்தப் பழியையும் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நேரத்தை வைத்துக் கூலி, எண்ணிக்கையை வைத்துக் கூலி, இரண்டும் இரண்டு விதமான சுவரைத் தரும்.

பிரிட்டனில் டை பழுதாவது புதிது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் துத்தநாகப் பூச்சு மெல்லியதாக இருந்த இரும்பு டைகள் துருப்பிடித்து, துரு பருத்துச் சாந்தை விரிய வைத்து, வெளிச்சுவரில் ஆறு வரிக்கு ஒன்றாகப் படுக்கைக் கோட்டில் விரிசல் விடும். ஆறு வரி என்பது 450 மி.மீ., டையின் இடைவெளி. அந்த விரிசலைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அங்கே சுவராவது முன்கூட்டி எச்சரிக்கை தருகிறது. பதியாத டை அப்படி எந்த அடையாளமும் காட்டாது, காற்று வந்து இழுக்கிற வரைக்கும்.

ஒன்று 17 ஆனது

ஆக்ஸ்கேங்ஸோடு இது நின்றிருந்தால் உள்ளூர்ச் செய்தியாகப் போயிருக்கும். அதே ஒப்பந்தத்தில், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் முறையில், எடின்பரோவில் மொத்தம் 17 பள்ளிகளைக் கட்டியோ புதுப்பித்தோ இருந்தார்கள். மற்ற பள்ளிகளின் சுவர்களையும் சோதித்தபோது அங்கேயும் குறைகள். சுவரின் தலைப்பகுதியைக் கட்டடச் சட்டத்தோடு பிடித்து வைக்க வேண்டிய இணைப்புகள் சில இடங்களில் இல்லவே இல்லை. 2016 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வர வேண்டிய நேரத்தில், 17 பள்ளிகளையும் மூடினார்கள். 7,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வேறு வேறு பள்ளிகளுக்குப் பேருந்தில் போய் வந்தார்கள், அதில் பொதுத்தேர்வு எழுத வேண்டியவர்களும் இருந்தார்கள். பெற்றோர் நிலையை யோசித்துப் பாருங்கள், நேற்று வரை பிள்ளை உட்கார்ந்திருந்த வகுப்பறையின் சுவர் நிற்குமா என்பதே தெரியாது என்று சொல்கிறார்கள்.

சுவர்களைத் திறந்து பார்த்ததில் தீ பரவாமல் தடுக்க வைக்க வேண்டிய அடைப்புகளிலும் குறை இருந்தது தெரிய வந்தது. எனக்கு இது டையைவிடக் கவலை தந்த விஷயம். மூடி மறைந்துவிடும் வேலை ஒன்றில் இந்த நிலை என்றால், மூடி மறைந்துவிடும் மற்ற வேலைகளிலும் அதே நிலை இருந்திருக்கிறது.

அப்படியானால் யார் பார்த்திருக்க வேண்டும்? கோலின் அறிக்கை அதிக அக்கறையோடு பேசுவது இதைப் பற்றித்தான். தனியார் பணம் போட்ட முறைதான் சுவரைத் தள்ளியது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த முறையில் கட்டடத்தைத் தினமும் சைட்டில் நின்று உரிமையாளர் சார்பில் பார்க்கும் ஆள் இல்லாமல் போனார். அந்த ஆளை அங்கே கிளார்க் ஆஃப் ஒர்க்ஸ் என்பார்கள், பேருக்கு கிளார்க், உண்மையில் தொழில் தெரிந்த, பல வருடம் சாந்தில் கை வைத்த மேற்பார்வையாளர். பணம் மிச்சம் என்று அந்தப் பதவியைப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். கட்டுகிறவர் தன் வேலையைத் தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார், அரசின் கட்டட அனுமதி அதிகாரி எப்போதாவது வந்து பார்ப்பார், அவர் வரும்போது சுவர் மூடியிருக்கும்.

ஒரு கேவிட்டி சுவரில் ஒரு டை வெளியே தெரியும் நேரம் மிகக் குறைவு. வெளிச்சுவரில் அந்த வரியின் கல் வைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமென்றால் சாந்தில் துளை போட்டு, விளக்கு வைத்த மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட வேண்டும். அதிலும் டை இருக்கிறதா இல்லையா, எவ்வளவு நெருக்கம் என்பது தெரியும், வெளிச்சுவருக்குள் எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று உறுதியாக அறியக் கல்லையே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சரிசெய்வது என்றால் வெளியிலிருந்து துளை போட்டு, முறுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை இரண்டு சுவருக்கும் சேர்த்து இறக்க வேண்டும். கட்டும்போது ஒரு ஆளும் ஒரு ஸ்கேலும் போதுமாக இருந்த வேலை அது.

நம் பக்கத்துக் கேவிட்டி சுவர்

நம்மில் பலர் கேவிட்டி சுவரைப் பார்த்திருப்போம், அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் ட்ராப் பாண்ட், அதாவது எலிப்பொறிக் கட்டு, அதே யோசனைதான். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே பெட்டி பெட்டியாகக் காலி இடம் விட்டு 9 இன்ச் சுவர் எழுப்புவது. கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் மிச்சம், வெயில் உள்ளே இறங்குவதும் குறைவு. திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் செங்கலால் என்னவெல்லாம் முடியும் என்று காட்டும் இடம், போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்கலாம்.

அதில் உலோக டை கிடையாது. ஒரு கல் விட்டு ஒரு கல், சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடும் செங்கலே இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது, அந்தக் கல்லின் தலை வெளியிலிருந்தே தெரியும். பூசாமல் விட்டால் தெருவில் போகிறவர்கூட எண்ணிப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தில் இதையே செய்தால் அந்தக் குறுக்குக் கல் வழியே சாரல் உள்ளே வந்துவிடும், அதனால் அவர்களுக்கு உலோக டைதான் வழி, மறைவாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. நமக்கு மழையைவிட வெயில்தான் பெரிய எதிரி என்ற இடங்களில் குறுக்குக் கல் போதும்.

ஆனால் இப்போது நம் ஊரிலும் வெளியே செங்கல் முகப்பு, உள்ளே பிளாக், நடுவில் இடைவெளி என்று கட்டுவதுண்டு. அப்படி ஒரு சைட்டில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால், வெளிச்சுவர் அடுத்த வரிக்கு ஏறுவதற்கு முன் ஸ்கேலை எடுத்து, கொத்தனார் பிடித்திருக்கும் நூலிலிருந்து டையின் முனை எத்தனை மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். நூல் என்பது வெளிச்சுவரின் வெளிமுகம், சுவரின் தடிமன் உங்களுக்குத் தெரியும், கழித்தால் கல்லின் மேல் எவ்வளவு படியும் என்று வந்துவிடும். கழித்து 60 வந்தால் அவர் சாந்து போடட்டும். 30 வந்தால் அங்கேயே நிறுத்தி நீளமான டை வாங்கி வரச் சொல்லுங்கள், அளந்ததை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை, அந்தக் கூலியைக் கொத்தனார் தலையில் கட்டாமல் ஒப்பந்தக்காரர் கொடுக்கட்டும்.